பத்துப் பேரோடு ஓட்டலுக்குப் போவது எப்படி: ஆள் கணக்கிலிருந்து பார்சல் வரை

பக்கத்து ஓட்டலில் ஒரு வேளை சாப்பிடுவதற்கு வழிகாட்டி எதற்கு என்று தோன்றலாம். நான்கு பேர் என்றால் தேவையே இல்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆறு பேரைத் தாண்டினால் கதை வேறு. ஒருவர் வர முக்கால் மணி நேரம் தாமதம், ஒருவருக்கு அங்கே சாப்பிட ஒன்றுமே இல்லை, பாட்டியால் படி ஏற முடியவில்லை, கடைசியில் பில் வந்ததும் எல்லோரும் கூரையைப் பார்க்கிறார்கள்.

எங்கள் வட்டத்தில் இந்த வேலை பல வருடங்களாக என் தலையில்தான் விழுகிறது. நடுவில் வேறு சிலர் ஆசையாக எடுத்துச் செய்து திண்டாடியதையும் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: முதல் காரியமாக ஓட்டலை முடிவு செய்துவிடுவார்கள். அப்புறம் அந்த ஓட்டலுக்குள் ஆட்களைத் திணிக்கப் பார்ப்பார்கள்.

யார் வருகிறார்கள், யாருக்கு எது ஆகாது, காசு யார் கொடுப்பது, எந்த நேரம் என்ற நான்கும் முடிந்தபிறகுதான் எந்த ஓட்டல் என்ற கேள்விக்கே வர வேண்டும். கீழே உள்ளதெல்லாம் ஆறு முதல் பதினைந்து பேர் வரையிலான கூட்டத்துக்குச் சொல்வது. அதைத் தாண்டினால் அது விசேஷம், அதன் கணக்கே தனி.

முன்கூட்டியே வேண்டியவை

பெரிதாக ஒன்றும் இல்லை. போனில் ஒரு குறிப்பு: பெயர், வருவது உறுதியா, ஆகாத உணவு, எப்படி வருகிறார் என்று நான்கு விவரம். ஐந்து நாள் அவகாசம். முழு பில்லையும் ஒரே தடவையில் கட்டக்கூடிய ஒரு ஆள், அது நீங்களாக இருந்தால் நல்லது. பணம் கட்டும் வழி பழுதானால் மாற்றாக இன்னொரு வழியில் பணம். இவ்வளவுதான்.

இன்னொன்றும் வேண்டும்: முடிவெடுக்கும் ஆள் ஒருவர் மட்டும். இரண்டு பேர் சேர்ந்து ஏற்பாடு செய்தால், ஓட்டலுக்குப் போன் செய்ததாக இருவருமே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

1. தலையை எண்ணுங்கள், தனித்தனியாக

வாட்ஸ்அப் குரூப்பில் "யாரெல்லாம் வர்றீங்க?" என்று போட்டால் நான்கு கட்டைவிரல், இரண்டு இதயம், ஒரு சிரிப்புப் படம் வரும். அதில் எது ஆமாம், எது பார்க்கலாம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆளுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், அல்லது கூப்பிட்டுப் பேசுங்கள். பத்துப் பேருக்கு அரை மணி நேரம் போதும்.

பதில் சொல்ல ஒரு கெடு வையுங்கள். "புதன் ராத்திரிக்குள் சொல்லுங்கள், வியாழக்கிழமை மேசை சொல்லப் போகிறேன்" என்றால் காரணம் புரிந்து பதில் வரும். காரணம் சொல்லாத கெடுவை யாரும் மதிப்பதில்லை.

"வரப் பார்க்கிறேன்" என்பதை வரவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போடுவது ஓட்டல்காரருக்கு எளிது. மூன்று நாற்காலி காலியாகக் கிடப்பதுதான் அவருக்கு எரிச்சல், ஏனென்றால் அந்த இடத்துக்காக அவர் வேறு ஆட்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

குழந்தைகளையும் எண்ண வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் பெரியவர்களை மட்டும் எண்ணி "எட்டுப் பேர், கூட ரெண்டு பசங்க" என்பார்கள். அந்த இரண்டு பசங்களுக்கும் நாற்காலி வேண்டும், தட்டு வேண்டும். மடியில் இருக்கும் கைக்குழந்தைக்குக்கூட வண்டியை நிறுத்த ஒரு மூலை வேண்டும்.

2. யாருக்கு எது ஆகாது

இதை எல்லோரிடமும் ஒரே வார்த்தையில் கேளுங்கள்: "உங்களுக்கு ஆகாதது, நீங்கள் சாப்பிடாதது ஏதாவது உண்டா?" தெரிந்த ஆளைவிட்டு மற்றவர்களிடம் மட்டும் கேட்டால், தெரிந்த ஆளிடம்தான் புதிதாக ஒன்று முளைத்திருக்கும். போன மாதம்தான் மருத்துவர் ஏதோ நிறுத்தச் சொல்லியிருப்பார். குரூப்பில் கேட்டால் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள்.

வரும் பதில்களை மூன்றாகப் பிரிக்கலாம். பிடிக்காதது ஒன்று. மதம், கொள்கை, விரதம் காரணமாகத் தொடாதது இன்னொன்று. உடம்புக்கு ஒவ்வாதது மூன்றாவது. பிடிக்காததற்கு மெனுவில் வேறொன்று இருந்தால் சரி. இரண்டாவது வகைக்கு அந்த உணவு இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, தனிப் பாத்திரம், தனி அடுப்பு வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள். சிலருக்கு வேண்டும், சிலருக்கு வேண்டாம். ஊகிக்காதீர்கள்.

மூன்றாவது வகையில் விளையாடவே கூடாது. பால் குடித்தால் வயிறு உப்புசம் ஆவதும் பால் ஒவ்வாமையும் ஒன்றல்ல. முன்னது பாலில் உள்ள சர்க்கரை செரிக்காததால் வருவது, அவதிதான், ஆபத்து இல்லை. பின்னது உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி பால் புரதத்தை எதிரியாக நினைப்பதால் வருவது, கொஞ்சம் பட்டாலே மூச்சுத்திணறல் வரை போகலாம். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், முட்டை, மீன், இறால் வகைகள், கோதுமை, சோயா, எள் ஆகியவைதான் அடிக்கடி வருபவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படி 14 பொருள்களைப் பற்றி உணவகங்கள் வாடிக்கையாளருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2014 டிசம்பரிலிருந்து விதி இருக்கிறது. அந்தப் பட்டியலில் கடுகுகூட உண்டு. அப்படி விதி இல்லாத இடத்தில் கேட்பது உங்கள் பொறுப்பு.

இங்கே நடக்கும் தப்பு, "அதில் கடலை போடுவீர்களா?" என்று மட்டும் கேட்பது. போட மாட்டார்கள். ஆனால் கடலை போட்ட பண்டத்தைப் பொரித்த அதே எண்ணெயில் இதையும் பொரிப்பார்கள், அதே கரண்டியால் எடுப்பார்கள். "ஒரே எண்ணெயா, ஒரே கரண்டியா?" என்று கேட்க வேண்டும். கடுமையான ஒவ்வாமை உள்ளவர் அவசர ஊசியைக் கையோடு கொண்டுவருகிறாரா என்பதையும் கிளம்பும் முன் ஒருமுறை நினைவூட்டுங்கள்.

சாப்பாட்டு வகையோடு சேராத சில தேவைகளையும் இதே மூச்சில் கேட்டுக்கொள்ளலாம்: முழங்கால் வலி, காது மந்தம், சக்கர நாற்காலி, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுபவர். இவைதான் பிறகு நேரத்தையும் இடத்தையும் தீர்மானிக்கப் போகின்றன.

3. பணப் பேச்சை இப்போதே முடியுங்கள்

எல்லோருக்கும் சங்கடமான பேச்சு என்பதால் எல்லோரும் பில் வரும்வரை தள்ளிப்போடுகிறார்கள். அப்போது பேசினால் சங்கடம் பத்து மடங்கு. முன்னால் சொல்லிவிட்டால் அது வெறும் தகவல்.

வழிகள் நான்கு. ஒருவரே விருந்து வைப்பது. தலைக்குச் சமமாகப் பிரிப்பது. அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர். குடும்பத்துக்கு ஒரு பங்கு. கடைசியில் சொன்னது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் தனியாக வருபவரும் ஐந்து பேர் குடும்பமும் ஒரே தொகை கொடுப்பதில் போய் முடியும். எங்கள் வட்டத்தில் இதை ஒருமுறை செய்துவிட்டு நிறுத்திவிட்டோம்.

சமமாகப் பிரிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். யூரி க்னீஸி, எர்னான் ஹருவி, ஹதாஸ் யாஃபே என்ற மூவர் 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆறு ஆறு பேராக ஓட்டலில் உட்காரவைத்து, சில குழுக்களை அவரவர் பில்லை அவரவர் கட்டச் சொன்னார்கள், சில குழுக்களைச் சமமாகப் பிரிக்கச் சொன்னார்கள், சில குழுக்களுக்கு இலவசம். அவரவர் கட்டியபோது ஆர்டர் குறைவு, பிரித்தபோது அதிகம், இலவசம் என்றபோது மிக அதிகம். யாரும் கெட்டவர்கள் இல்லை. நான் கூடுதலாக வாங்குவதில் ஆறில் ஒரு பங்குதான் என் பையிலிருந்து போகிறது என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது.

என் யோசனை இது. எல்லோரும் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவதென்றால் சமமாகப் பிரியுங்கள், குழந்தைகளுக்குப் பாதி. ஆளுக்கு ஒரு தட்டு என்றால் அவரவர் கணக்கு. மது போன்ற விலை கூடிய பானங்களை எப்போதும் தனியாக வையுங்கள், குடிக்காதவர் அதற்குக் காசு கொடுக்கும்போது முகம் சுளிக்காமல் இருக்க மாட்டார்.

தலைக்குச் சுமார் எவ்வளவு ஆகும் என்று தொகையையும் சொல்லுங்கள். கை இறுக்கமாக இருக்கும் நேரத்தில் ஒருவர் வேறு சாக்குச் சொல்லிக் கௌரவமாக ஒதுங்கிக்கொள்ள அது வழி விடும். அப்படி யாராவது ஒதுங்கினால், "ஏன், ஏன்?" என்று துருவாதீர்கள்.

4. நாளும் நேரமும்

"எந்த நாள் சௌகரியம்?" என்று திறந்தவெளியில் கேட்காதீர்கள். பத்துப் பேருக்குப் பன்னிரண்டு பதில் வரும். அதிகம் வளைய முடியாத ஆள் யார் என்று பாருங்கள்: இரவு வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தை உள்ள தாய், தூரத்திலிருந்து வருகிறவர். அவருக்கு ஒத்துவரும் இரண்டு நேரங்களை வாங்கி, அந்த இரண்டை மட்டும் மற்றவர்கள் முன் வையுங்கள்.

கூட்டம் அலைமோதும் நேரத்துக்கு அரை மணி முன்னதாக உட்கார்ந்துவிடுவது எப்போதும் லாபம். பத்துப் பேர் ஆர்டர் என்பது சமையலறைக்கு ஒரே மூச்சில் வரும் பெரிய சுமை. அடுப்புகள் ஓய்வாக இருக்கும்போது அது போனால் இருபது நிமிடத்தில் தட்டு வரும். நிறைந்த மேசைகளின் ஆர்டர்களுக்குப் பின்னால் போய் நின்றால் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் குழந்தைகள் மேசைக்கு அடியில் இருப்பார்கள்.

வேகமாக வேலை செய்யும் இன்சுலினைப் போட்டுக்கொண்டபின் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை அளவு இறங்கிவிடும். அப்படிப்பட்டவர் இருந்தால் "ஏழு மணிக்குப் போவோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், "தட்டு வர ஏழரை ஆகும்" என்றும் சொல்லுங்கள்.

கடை மூடும் நேரமும் கடைசி ஆர்டர் எடுக்கும் நேரமும் வேறு வேறு. தாமதமாகப் போவதாக இருந்தால் இரண்டாவதைக் கேளுங்கள்.

5. இனி ஓட்டல்

இப்போது உங்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது: எத்தனை பேர், என்ன ஆகாது, தலைக்கு எவ்வளவு, எந்த நேரம், யாருக்குப் படி ஏற முடியாது. பெரும்பாலான ஓட்டல்கள் இதிலேயே கழிந்துவிடும். மிஞ்சும் இரண்டு மூன்றில் ருசி எங்கே நன்றாக இருக்கிறதோ அதை எடுங்கள். ருசியைக் கடைசியில் வைக்கிறேனே என்று கோபிக்காதீர்கள். உட்கார முடியாத இடத்தில் எவ்வளவு ருசியாக இருந்து என்ன?

முடிந்தால் அதே கிழமை, அதே நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை மதியம் கோயில் மண்டபம்போல் அமைதியாக இருந்த இடம் சனிக்கிழமை இரவு சந்தையாக இருக்கும். போனால் கழிவறை எங்கே என்று பாருங்கள். அது மாடியிலோ செங்குத்தான படிக்குக் கீழேயோ இருந்தால், முழங்கால் வலிக்காரர் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலேயே வருவார்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் யோசிப்பதில்லை. சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் பெயரால் லொம்பார் விளைவு என்று சொல்கிறார்கள், அவர் அதை 1911-இல் எழுதினார். ஒரு மேசை குரலை உயர்த்த, பக்கத்து மேசையும் உயர்த்த, கடைசியில் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள். கண்ணாடிச் சுவர், வெறும் சிமெண்ட் தரை, உயரமான கூரை உள்ள இடத்தில் ஒலி எதிரொலித்து இது இன்னும் மோசம். திரைச்சீலை, மெத்தை வைத்த இருக்கை, தாழ்ந்த கூரை உள்ள இடம் காதுக்கு இதம். காது மந்தமானவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தாலே இதுதான் முதல் தகுதி.

அடுத்து மேசை. ஒருவர் முழங்கை இடிக்காமல் சாப்பிட மேசை விளிம்பில் சுமார் 60 சென்டிமீட்டர் வேண்டும். 180 சென்டிமீட்டர் நீள மேசையில் பக்கத்துக்கு மூன்று பேர். 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட மேசையின் சுற்றளவு சுமார் 470 சென்டிமீட்டர், ஏழு பேருக்குத் தாராளம், எட்டாவது ஆள் ஒட்டிக்கொள்ளலாம்.

நான்கு பேர் சதுர மேசையை ஒட்டிப் போடும்போது ஒரு கணக்குப் பிசகும். மூன்று மேசை சேர்த்தால் பன்னிரண்டு பேர் என்று நினைப்பார்கள். ஒட்டிய பக்கங்களில் யாரும் உட்கார முடியாது, எனவே எட்டுப் பேர்தான். பன்னிரண்டு பேருக்கு ஐந்து மேசை வேண்டும். கடைக்காரரே சில சமயம் இதை மறந்து "போட்டுடலாம் சார்" என்பார்.

ஐந்து மேசையை ஒட்டினால் ரயில் பெட்டிபோல நீளும். ஒரு முனையில் இருப்பவர் மறுமுனையில் இருப்பவரைக் கையசைத்து மட்டும் விசாரிக்கலாம். ராபின் டன்பாரும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பேச்சில் சேர்ந்திருக்கும் கூட்டம் பொதுவாக நான்கு பேரைத் தாண்டுவதில்லை என்று கண்டார்கள். ஐந்தாவது ஆள் வந்தால் பேச்சு இரண்டாக உடையும். ஆகவே பன்னிரண்டு பேரை ஒரே நீள மேசையில் அடுக்குவதைவிட அருகருகே ஆறு ஆறாக இரண்டு மேசை மேல். பாதியில் இடம் மாறிக்கொள்ளலாம்.

6. போன் செய்து மேசை சொல்வது

போனில் பேச வேண்டியதை வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாள், கிழமை, நேரம், ஆள் எண்ணிக்கை, அதில் குழந்தைகள் எத்தனை. கிழமையையும் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள், "வர்ற சனி" என்பதை இரண்டு பேர் இரண்டு சனியாக எடுத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கேள்விகள். மேசைகள் ஒரே இடத்தில் இருக்குமா? எவ்வளவு நேரம் உட்காரலாம், நமக்குப் பிறகு வேறு யாருக்காவது சொல்லியிருக்கிறார்களா? தனித்தனி பில் போடுவார்களா? சேவைக் கட்டணம் பில்லிலேயே சேருமா? கேக் கொண்டுவந்தால் சம்மதமா? ஒவ்வாமை விவரம் சமையலறைக்குப் போகுமா?

முதல் கேள்வியைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை பதினான்கு பேருக்கு மேசை சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனோம். கீழே எட்டுப் பேர், மாடியில் ஆறு பேர் என்று போட்டு வைத்திருந்தார்கள். பதினான்கு நாற்காலி கேட்டீர்கள், பதினான்கு இருக்கிறதே என்றார் மேலாளர். அவர் சொன்னது சரிதான், நான்தான் ஒரே இடத்தில் என்று சொல்லவில்லை. சாப்பாடு முழுக்கப் படியில் ஏறி இறங்கியே எனக்குச் செரித்துவிட்டது.

பேசியவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். போகும் நாள் காலையில் மறுபடி ஒரு போன், எண்ணிக்கை மாறியிருந்தால் அப்போதே சொல்லுங்கள். பதினொன்று எட்டாகக் குறைந்தால்கூடச் சொல்ல வேண்டும்.

7. ஒரே செய்தியில் எல்லாம்

முந்தின நாள் மாலை ஒரு செய்தி, அதில் எல்லா விவரமும். துண்டு துண்டாக அனுப்பினால் மூன்றாவது துண்டை யாரும் பார்க்க மாட்டார்கள். இப்படி இருந்தால் போதும்:

"நாளை சனி, மாலை 6.45-க்கு உட்கார்ந்திருக்க வேண்டும். மேசை என் பெயரில். 7.10-க்கு ஆர்டர் கொடுத்துவிடுவோம், தாமதமாக வருபவர்கள் வேண்டியதை எனக்கு எழுதி அனுப்பிவிடுங்கள். வண்டி பின்பக்கம் நிறுத்தலாம். செலவு சமமாக, குழந்தைக்குப் பாதி. வழிப்படம் கீழே."

ஆர்டர் நேரத்தைச் சொல்வதுதான் இதில் சாமர்த்தியம். வரும் நேரத்தை மட்டும் சொன்னால் தாமதமாக வருபவருக்காகப் பசியோடு மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். அவருக்கும் குற்ற உணர்ச்சி, நமக்கும் எரிச்சல்.

8. உட்காரவைப்பது

நீங்கள் கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். மேசை சொன்னபடி இருக்கிறதா என்று பார்க்கவும், இல்லையென்றால் மற்றவர்கள் வருமுன் சரிசெய்யவும் அந்த நேரம் வேண்டும்.

முதலில் முதியவர்கள். ஏசி காற்று நேராக அடிக்காத, எழுந்து போக வழியுள்ள இடம். மூலையில் மரியாதையாக உட்காரவைத்துவிட்டால், அவர் ஒருமுறை எழுந்திருக்க நான்கு பேர் எழுந்து நிற்க வேண்டும். அந்தச் சங்கடத்துக்கே எழாமல் இருப்பார். காது மந்தமானவருக்குச் சுவர் பக்கம் முதுகு, எதிரில் இருப்பவர் முகத்தில் வெளிச்சம், வாயசைவு தெரிய வேண்டும்.

குழந்தைகளை உள்பக்கம் வையுங்கள். சர்வர் சூடான பாத்திரத்தோடு வரும் பாதையில் குழந்தையின் நாற்காலி இருக்கக் கூடாது, தலைக்கு மேலாகப் பாத்திரம் கைமாறவும் கூடாது. இடதுகைக்காரருக்கு இடதுகோடி. ஏற்பாடு செய்தவர் சர்வரின் கண்ணில் படும் ஓரத்தில்.

தம்பதியரைப் பிரிப்பதா, தெரியாதவர்களைப் பக்கத்தில் வைப்பதா என்பதெல்லாம் உங்கள் கூட்டத்தைப் பொறுத்தது. எனக்கு ஒரே விதிதான்: அதிகம் பேசுபவர் நடுவில், பேசத் தயங்குபவர் அவருக்கு எதிரில். பக்கத்தில் வைத்தால் பேச்சு அவரைத் தாண்டிப் போய்விடும்.

9. ஆர்டர் கொடுப்பது

முதலில் குழந்தைகளுக்கு. சீக்கிரம் வரக்கூடிய ஒன்றைச் சொல்லி, "இது முதலில் வரட்டும்" என்றும் சொல்லிவிடுங்கள். பசித்த குழந்தை ஒன்று அழுதால் பத்துப் பேரின் பேச்சும் நின்றுவிடும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழுக் கொட்டை வகைகள் வேண்டாம், திராட்சை இருந்தால் நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். இரண்டும் தொண்டையை அடைக்கும் அளவில் இருப்பவை.

பிறகு மற்றவர்கள், ஆனால் ஒரே வாயால். பத்துப் பேரும் சர்வரிடம் தனித்தனியே சொன்னால் அவர் எழுதுவதற்குள் இரண்டு பேர் மனம் மாறியிருப்பார்கள். நீங்கள் எல்லோரிடமும் கேட்டு எழுதி வைத்து, சர்வரை ஒருமுறை கூப்பிடுங்கள்.

பகிர்ந்து சாப்பிடுவதென்றால் தலைக்கு ஒரு வகை என்று சொல்லாதீர்கள். பத்துப் பேருக்கு முதல் சுற்றில் ஆறு அல்லது ஏழு வகை போதும் என்பது என் கணக்கு. வயிறு நிறைந்தது என்று மூளைக்குத் தெரியச் சுமார் 20 நிமிடம் ஆகும். பசியோடு உட்கார்ந்த முதல் ஐந்து நிமிடத்தில் மெனுவைப் பார்த்தால் எல்லாமே வேண்டும்போலத்தான் இருக்கும். பாதி சாப்பிட்டபிறகு இரண்டாவது சுற்றுச் சொல்லுங்கள், அப்போது பாதிப் பேர் போதும் என்பார்கள்.

எல்லோரும் சாப்பிடக்கூடிய ஒன்றாவது மேசையில் இருக்கட்டும். ஆகாதவை உள்ளவருக்கு அவருடைய தட்டை அவரிடமே கொடுத்துவிடுங்கள், நடுவில் வைக்க வேண்டாம். மற்றவர்கள் வேறு பாத்திரத்துக் கரண்டியை அதில் போட்டுவிட்டால் சமையலறையில் எடுத்த கவனமெல்லாம் வீண்.

ஒவ்வாமையைப் போனில் சொல்லியிருந்தாலும் இங்கே மறுபடி சொல்லுங்கள். போனை எடுத்தவரும் சமைப்பவரும் வேறு ஆட்கள். கடைசியாக, "ஒரு தடவை திருப்பிப் படிங்க தம்பி" என்று கேளுங்கள். ஒரு நிமிட வேலை, வேண்டாத பண்டம் வந்து நிற்பது இதிலேயே பெரும்பாலும் நின்றுவிடும்.

10. நடுவில் வரும் தகராறுகள்

வேறு பண்டம் வந்துவிட்டால் தொடாமல் உடனே சொல்லுங்கள். பாதி சாப்பிட்டபின் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பெரிய குறை என்றால் எழுந்து போய் மேலாளரிடம் தாழ்ந்த குரலில் பேசுங்கள். மேசையிலிருந்தே பேசினால் சித்தப்பா ஒருவர் சேர்ந்துகொள்வார், பிறகு அது உங்கள் கையில் இல்லை.

11. பில்

பில்லை ஒருவர் வாங்கி, வரி வரியாகப் பார்க்க வேண்டும். சரிபார்ப்பது அற்பத்தனம் என்று நினைத்துப் பலர் மொத்தத்தை மட்டும் பார்ப்பார்கள். பெரிய மேசையில் தப்பு வருவது இயல்பு. வேண்டாம் என்று திருப்பியது பில்லில் நிற்கும், இரண்டு சர்வர்கள் எழுதியதால் ஒன்று இரண்டாகியிருக்கும், தண்ணீர் பாட்டில் எண்ணிக்கை கூடியிருக்கும். நமக்குச் சாதகமாகத் தப்பு இருந்தாலும் சொல்லிவிடுங்கள். பல இடங்களில் அந்தக் குறை அந்தச் சர்வர் தலையில்தான் விழும்.

சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தபிறகு டிப்ஸை முடிவு செய்யுங்கள். பார்க்காமல் கொடுப்பவர்கள் இரண்டு தடவை கொடுக்கிறார்கள்.

முழுத் தொகையையும் ஒருவரே கட்டிவிடட்டும். பத்துப் பேரிடம் சில்லறை சேர்த்து மேசையில் எண்ணினால் கடைசியில் எப்போதும் ஒரு பங்கு குறையும், யாருடையது என்று கேட்க முடியாது. அன்று இரவே பில்லின் படத்தோடு அவரவர் பங்கை எழுதி அனுப்புங்கள். மறுநாள் தள்ளினால் அது வாரமாகும், அப்புறம் கேட்பதற்கே உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். விருந்து வைப்பவர் ஒருவர் என்றால் சாப்பாடு முடியுமுன்பே கவுண்டரில் போய்க் கட்டிவிடச் சொல்லுங்கள், "நான் தரேன், நீ விடு" என்ற இழுபறி மிச்சம்.

12. மிஞ்சியது

பார்சல் கட்டச் சொல்லுமுன் மணியைப் பாருங்கள். சமைத்த உணவு அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான். இந்தக் கணக்கு தட்டு மேசைக்கு வந்ததிலிருந்து தொடங்குகிறது, வீட்டுக்கு வந்ததிலிருந்து இல்லை. சாப்பிட்டுப் பேசிக்கொண்டே ஒன்றரை மணி நேரம் போய்விட்டு, வழியில் ஒரு மணி நேரம் என்றால் அந்தப் பார்சல் வேண்டாம்.

சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். வெளியே கிடந்த சோற்றில் வளரும் ஒருவகை பாக்டீரியா விடும் நச்சு, திரும்பச் சூடுபடுத்தினாலும் அழியாது. "நல்லாச் சுட வைத்துச் சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்பது இதற்குப் பொருந்தாது.

எடுத்துப் போனதை 4 டிகிரிக்குக் கீழே ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். சூடுபடுத்தும்போது நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும், ஆவி பறக்க என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்சில் கரண்டி பட்ட பாத்திரத்தில் இருப்பதைக் கட்டச் சொல்லாதீர்கள், தொடாமல் மிஞ்சியதை மட்டும். ஒவ்வாமை உள்ளவர் வீட்டுக்குப் போகும் பொட்டலத்தின் மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள்.

எல்லோரும் எழுந்து வாசலுக்குப் போனபின் நீங்கள் மட்டும் மேசைக்கு ஒருமுறை திரும்பி வந்து நாற்காலிகளின் மேலும் கீழும் பாருங்கள். மூக்குக்கண்ணாடி, பால் புட்டி, சார்ஜர், ஒற்றைக் காலணி, ஏதாவது ஒன்று கட்டாயம் கிடக்கும்.